பெரியப்பா கொண்டு வந்த பாட்டில்

என் ரூம்ல சட்டப் புத்தகம் அடுக்கி வெச்சிருக்கற ஷெல்ஃப்ல ஒரு ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் இருக்கு. மூடிக்கு மேல பாலித்தீன் கவர் சுத்தி, அதுக்கு மேல ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். உள்ள இருக்கறது எங்க பெரியப்பா கெணத்துத் தண்ணி. வந்த புதுசுல பூரா லேசா மஞ்சளா இருந்துச்சு, இப்போ மேல தெளிஞ்சுபோய் அடியில காவியா ஒரு படிமானம். பாட்டில் உள்பக்கம் தண்ணி மட்டத்துல சுத்தி ஒரு வெள்ளைக் கோடு, உப்பு. ரூம் பெருக்க வர்ற அக்கா மூணு தடவ அதத் தூக்கிப் போடப் பாத்தாங்க, மூணு தடவயும் நான் பதறிப்போய் வாங்கி வெச்சேன். "இன்னா மேடம், கோயில் தீர்த்தமா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வரல.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு திங்கக்கிழமை, ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஆம்பூர்ல ஏறி, அந்த பாட்டில மடியிலயே வெச்சு அணைச்சுப் புடிச்சுகினு சென்னை வந்து இறங்கினாரு பெரியப்பா. மேல வெச்சா உருண்டு ஒழுகிடும்னு பயம். தம்பி பொண்ணு வக்கீல், அதுவும் சுற்றுச்சூழல் வக்கீல்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, அப்புறம் என்ன. பாட்டில என் மேஜை மேல வெச்சுட்டு, "பாப்பா, இத அப்படியே ஜட்ஜு முன்னாடி வெச்சுடு. தொறந்து ஒரு தடவ மோந்து பாத்தார்னா போதும், கேஸு முடிஞ்சிடும்"னாரு. தொறந்து மோந்து பாத்தேன். தோல் ஊறின வாடை, எங்க ஊர்க்காரங்களுக்கு அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. எத்தன வருஷமா இப்படி இருக்கு பெரியப்பான்னு கேட்டேன். "பதினஞ்சு வருசம் இருக்கும் பாப்பா, கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன். மாட்டுக்கு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குது. தென்னை பூரா குரும்பையிலயே கொட்டிடுது."

அப்போதான் நான் அந்த ரெண்டு விஷயத்த சொன்னேன். இந்த பாட்டில் சாட்சியா நிக்காது. பதினஞ்சு வருஷம்னு நீங்க சொல்ற வார்த்தை கேஸையே குப்புறத் தள்ளிடும். சரியான சட்டம்தான் சொன்னேன், ஒரு எழுத்து தப்பில்ல. ஆனா அவர் மூஞ்சி போன போக்கு இருக்கே, இன்னிக்கு வரைக்கும் அது என்னை விடல. அவர்கிட்ட இருந்ததே ரெண்டு ஆயுதம், கையில தண்ணி, வாயில சத்தியம். ரெண்டையும் நான் ரெண்டு நிமிஷத்துல புடுங்கி ஓரமா வெச்சுட்டேன். இந்தச் சட்டம் என்ன, இதுல வக்கீலுங்க என்னதான் பண்றோம்னு யாராச்சும் கேக்கும்போதெல்லாம் அந்தத் திங்கக்கிழமைதான் ஞாபகம் வருது, அதனால அதுல இருந்தே சொல்றேன்.

எங்க ஊரு ஆத்துல பொறந்த தீர்ப்பு

சட்டக் கல்லூரியில எந்த ஊர்ல படிச்சாலும், இந்தியாவுல சுற்றுச்சூழல் சட்டம்னு ஒரு பேப்பர் இருந்தா அதுல வேலூர் குடிமக்கள் நல மன்றம் கேஸு கண்டிப்பா இருக்கும். பாலாத்துல தோல் தொழிற்சாலைக் கழிவு விடறாங்கன்னு 1991-ல நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. மாசுபடுத்தினவன்தான் கணக்கத் தீக்கணும், ஆபத்து வரும்னு அறிவியல்ல முழுசா நிரூபிக்கற வரைக்கும் காத்திருக்காம முன்கூட்டியே தடுக்கணும், தன் வேலையால கெடுதல் இல்லன்னு காட்டற பொறுப்பு தொழில் நடத்தறவன் தலையில. இந்த மூணும் இந்த நாட்டுச் சட்டத்தோட பாகம்னு எழுதி வெச்ச தீர்ப்பு அது. மாசுபடுத்தினவன் கட்டணும்ங்கறத அதே வருஷம் ஆரம்பத்துல ராஜஸ்தான் பிச்ச்ரி கிராமத்துக் கேஸ்லயே சொல்லிட்டாங்க, ஆனா மூணையும் ஒண்ணாக் கோத்தது எங்க ஆறு.

நான் செகண்ட் இயர்ல அத முதல் தடவ படிக்கும்போது லைப்ரரியில தனியா சிரிச்சேன். தீர்ப்புல மாவட்டத்துப் பேரு 'வட ஆற்காடு அம்பேத்கர்'னு இருக்கும், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்னு அந்தக் காலத்துப் பேரா வரும். ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு இருக்கு. 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ கெட்டுப்போச்சுன்னு இருக்கு. இதெல்லாம் டெல்லியில உக்காந்து இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க, எங்க பெரியப்பா நிலம் அந்த 35,000-ல எங்கயோ ஒரு ஓரத்துல இருக்கும்ல அப்படின்னு ஒரு பெருமை மாதிரி. பெருமைப்பட வேண்டிய விஷயமான்னு கேக்காதீங்க, வயசு அப்படி.

அந்தத் தீர்ப்புல ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டாங்க, நஷ்டஈட்டக் கணக்குப் போட தனியா ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னாங்க, சென்னை ஹைகோர்ட்ல 'கிரீன் பெஞ்ச்' அமைச்சு தொடர்ந்து கவனிக்கச் சொன்னாங்க. சரி, முடிஞ்சுதா? 2025 ஜனவரி 30-ம் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு அதே பாலாறு விஷயத்துல மறுபடி ஒரு தீர்ப்பு சொல்லுது. பாக்கி இருக்கற நஷ்டஈட்ட ஆறு வாரத்துக்குள்ள குடுங்க, குடுத்துட்டு மாசுபடுத்தினவங்ககிட்ட இருந்து வசூல் பண்ணிக்குங்க, ரிட்டயர்டு ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமையில கமிட்டி போடுங்கன்னு. 1991-ல போட்ட கேஸுக்கும் இதுக்கும் நடுவுல முப்பத்து மூணு வருஷம் ஓடிருக்கு. தீர்ப்பு வந்ததுக்கும் தண்ணி மாறினதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ல மாட்டேன், எத்தனையோ யூனிட்டு மூடினாங்க, பொது சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு, அதெல்லாம் கேஸு இல்லாம வந்திருக்காது. ஆனா மண்ணுக்குள்ள போன உப்பு கோர்ட்டு உத்தரவப் படிச்சுட்டு வெளிய வரப்போறதில்ல.

உப்புன்னு ஏன் திரும்பத் திரும்பச் சொல்றேன்னா, தோல்னா எல்லாரும் குரோமியம் குரோமியம்னுதான் பேசுவாங்க. பச்சத்தோல் அழுகாம இருக்க கிலோ கணக்குல உப்புத் தடவித்தான் வரும். வந்ததும் முதல் வேல ஊற வெக்கறது. அந்த உப்பு பூரா தண்ணியில கரைஞ்சு வெளிய வரும். சாதாரண சுத்திகரிப்புல நுண்ணுயிரி கழிவத் தின்னும், வாடை குறையும், நிறம் குறையும், கரைஞ்ச உப்பு அப்படியே நிக்கும். அத எடுக்க ஆர்.ஓ. வேணும், ஆர்.ஓ.வுல மிஞ்சறதக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேணும், அதுக்குக் கரண்ட் பில்லு, கடைசியில மிஞ்சற உப்ப மூட்டையாக் கட்டி ஷெட்ல அடுக்கணும், வாங்க ஆள் இல்ல. சொட்டுக்கூட வெளிய விடாத முறைன்னு சொல்றது இதத்தான். 2006-ல நொய்யல் கேஸ்ல சென்னை ஹைகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைங்களுக்கு இதே முறைய வலியுறுத்துச்சு, நடக்கலன்னு 2011 ஜனவரியில மொத்தமா மூடச் சொல்லுச்சு. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்கி, எங்க அணையத் தொறந்து விட்டுடாதீங்கன்னு கீழ இருக்கற விவசாயிங்களே கெஞ்சற நிலைமை வந்துச்சு, அது தனிக் கதை.

பாட்டில் ஏன் நிக்காது

1974-ல வந்த தண்ணீர்ச் சட்டத்துல 21-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தொழிற்சாலைக் கழிவுநீர்ல சோதனைக்கு சாம்பிள் எப்படி எடுக்கணும்னு சொல்றது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி எடுக்கணும். எடுக்கறதுக்கு அங்கயே அப்பவே தொழிற்சாலைக்காரருக்கு நோட்டீஸ் குடுக்கணும், அவர் கண்ணு முன்னாடி அத ரெண்டு பங்கா பிரிச்சு, ரெண்டையும் தனித்தனி டப்பாவுல ஊத்தி, சீல் வெச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். ஒரு பங்கு வாரியத்து லேபுக்கு. இன்னொண்ணு, தொழிற்சாலைக்காரர் கேட்டுக்கிட்டா, வேற லேபுக்கு. இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் அந்த ரிப்போர்ட்ட கோர்ட்ல சாட்சியா ஏத்துக்க முடியாதுன்னு பிரிவுலயே இருக்கு. நல்ல ரூல்தான், யோசிச்சுப் பாத்தா நியாயமும் இருக்கு, நாளைக்கு எனக்குப் பிடிக்காத ஒருத்தன் மேல யார் வேணா சாக்கடைத் தண்ணியப் புடிச்சுட்டு வந்து பழி போடலாம்ல. ஆனா அந்த ரூல் எழுதினவங்க மனசுல ஏலகிரி எக்ஸ்பிரஸ் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு தொறந்து விடறத எந்த அதிகாரி நோட்டீஸ் குடுத்து எடுப்பாரு?

அடுத்தது தேதி. இப்போ இந்த மாதிரி கேஸு போற முக்கியமான இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2010 சட்டம். தென்மண்டல அமர்வு சென்னையில சேப்பாக்கம் கலச மகால்ல நடக்குது. போய்ப் பாருங்க, ஆற்காடு நவாப்போட பழைய அரண்மனை, செக்கச் செவேல்னு, உள்ள போனாலே குளிர்ச்சியா இருக்கும். வக்கீல் இல்லாம நீங்களே நின்னு வாதாடலாம், சாதாரண மனுவுக்கு ஆயிரம் ரூபா கட்டணம், நஷ்டஈடு கேட்டா கேக்கற தொகையில ஒரு சதவீதம். சிவில் கோர்ட்டு நடைமுறைக்கெல்லாம் அது கட்டுப்பட்டது இல்ல, ஜட்ஜோட விஞ்ஞானி மாதிரி ஒரு நிபுணரும் உக்காருவாரு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு. ஆனா 14-வது பிரிவுல, பிரச்சனை 'முதன்முதலா எழுந்த' நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வரணும், நியாயமான காரணம் இருந்தா இன்னும் அறுபது நாள், அதுக்கு மேல கிடையாதுன்னு இருக்கு. நஷ்டஈடுன்னா 15-வது பிரிவு, அதுக்கு அஞ்சு வருஷம். ஒரு தொழிற்சாலைக்கு சுற்றுச்சூழல் அனுமதி குடுத்தது தப்புன்னு அப்பீல் போகணும்னா முப்பதே நாள், போனாப் போகுதுன்னு இன்னொரு அறுபது.

இப்போ பெரியப்பா சொன்னத யோசிங்க. ஊர்ப் பஞ்சாயத்துல 'பதினஞ்சு வருஷமா கஷ்டப்படறேன்'னா அதவிடப் பெரிய வாதம் கிடையாது, நாலு பேரு உச்சுக் கொட்டுவாங்க. தீர்ப்பாயத்துல எதிர்த்தரப்பு வக்கீல் அதே வரிய எடுத்து மஞ்சக் கலர் மார்க்கர்ல கோடு போட்டு, பதினஞ்சு வருஷம்னு மனுதாரரே ஒத்துக்கறாரு, காலாவதின்னு உக்காந்துடுவாரு. கஷ்டம் நீள நீள கேஸு தேயும். மழைக்காலத்துல தண்ணி கொஞ்சம் தெளியுது, கோடையில மறுபடி மஞ்சளாகுது, அப்போ எது 'முதல்' தடவ? தொடர்ந்து நடக்கற தப்புக்கு தினம் தினம் புதுசா உரிமை பொறக்குதுன்னு வாதாடலாம், வாதாடியும் இருக்கோம், சில நேரம் ஏறும் சில நேரம் ஏறாது.

சோறு போடற பக்கம்

இங்க ஒரு உண்மைய ஒத்துக்கறேன். சுற்றுச்சூழல் வக்கீல்னா ஊர் ஜனங்களுக்காக கம்பெனிய எதிர்த்து நிக்கறவங்கன்னு ஒரு படம் எல்லார் மனசுலயும் இருக்கு. எங்க மாமியார் வீட்ல இன்னும் நான் மரம் வெட்டினவங்க மேல கேஸு போடறேன்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க. ஆனா இந்தத் துறையில சம்பளம் வர்ற வேலை பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான். ஒரு தொழிற்சாலை ஆரம்பிக்கணும்னா கட்டறதுக்கு ஒரு இசைவாணை, ஓட்டறதுக்கு ஒரு இசைவாணை, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து வாங்கணும், அப்பப்போ புதுப்பிக்கணும். பெரிய திட்டம்னா 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கலெக்டர் தலைமையில கருத்துக்கேட்புக் கூட்டம், முப்பது நாள் முன்னாடி அறிவிப்பு. கடல்ல இருந்து 500 மீட்டருக்குள்ளன்னா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அது 1991-ல வந்து, 2011-ல மாறி, 2019-ல மறுபடி மாறி, எந்த வருஷத்து மேப்ப எடுத்துப் பேசறோம்ங்கறதே பாதி சண்டை. காட்டு நிலம்னா 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், கோதவர்மன் கேஸ்ல 1996 டிசம்பர்ல காடுன்னா அகராதியில என்ன அர்த்தமோ அதுதான்னு கோர்ட்டு சொன்னதுல இருந்து அது ஒரு தனி உலகம், அதுக்குன்னே டெல்லியில காலத்த ஓட்டற வக்கீலுங்க இருக்காங்க. வன உயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, இது பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களோட அட்டவணையில கிடையாது, அது தெரியாம யானை வழித்தடம்னு அங்க ஓடி வந்து திரும்பிப் போறவங்க உண்டு.

அப்புறம் ஆஸ்பத்திரிக் கழிவு, பிளாஸ்டிக், எலக்ட்ரானிக் கழிவுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி விதிமுறை, நிறைய 2016-ல ஒரே மூச்சுல வந்துச்சு. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிய வாங்கும்போது அந்த இடத்துல மண்ணுக்கடியில என்ன புதைஞ்சிருக்குன்னு பாக்கற வேலை இருக்கு, ராணிப்பேட்டை சிப்காட்ல மூடிட்டுப் போன குரோமேட் ஃபேக்டரியில ஒரு லட்சம் டன்னுக்கு மேல கழிவு கிடந்த கதை தெரிஞ்சவங்களுக்கு அந்த வேலையோட அருமை புரியும். பங்குச்சந்தையில இருக்கற முதல் ஆயிரம் கம்பெனிங்க வருஷா வருஷம் பங்குச்சந்தையக் கண்காணிக்கற செபிக்கு சுற்றுச்சூழல் கணக்குக் காட்டணும், அத எழுதறதும் இப்போ வக்கீல் வேலைதான். பருவநிலைன்னு புதுசா ஒரு கிளை முளைச்சிருக்கு, 2024-ல கானமயில்ங்கற பறவையப் பத்தின கேஸ்ல பருவநிலை மாற்றத்தோட கெடுதல்ல இருந்து காப்பாத்தப்படறதும் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, அத வெச்சு அடுத்து யார் என்ன கேக்கப் போறாங்கன்னு பாக்க எனக்கே ஆசையா இருக்கு.

கிரிமினல் பக்கம் ஆளே கம்மி. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதாங்க போபால் விஷவாயுக் கசிவுக்கு அப்புறம் வந்தது, அதுல ஜெயில் தண்டனை இருந்துச்சு. 2023-ல ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து அத எடுத்துட்டு பத்தாயிரத்துல இருந்து பதினஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம்னு மாத்திட்டாங்க. ஜெயில் இருந்தப்பவும் யாரும் போனதாப் பாக்கல, ஆனா பயம்னு ஒண்ணு இருந்துச்சு, பதினஞ்சு லட்சம் சில பேருக்கு ஒரு மாச கரண்ட் பில்லு. என் பார்வையில இது தப்பான பேரம். பெரிய கோர்ட்டுக்கெல்லாம் போகாமலே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு, பொதுத்தொல்லைன்னு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கிட்ட மனு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133, இப்போ அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 152-வது பிரிவு. 1980-ல ரத்லம்ங்கற ஊர்ல சாக்கடைக்காக சாதாரண ஜனங்க அந்தப் பிரிவுலதான் ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ஜெயிச்சாங்க, காசில்லன்னு முனிசிபாலிட்டி சொன்ன சாக்கு எடுபடல. ஊர்ல இருக்கற வக்கீலுங்களே இத மறந்துட்டாங்க.

நானும் மூணு வருஷம் அந்தச் சோறு போடற பக்கம்தான் இருந்தேன். ஒரு ஆலோசனை நிறுவனத்துல, தொழிற்சாலை தொழிற்சாலையாப் போய் இசைவாணையில இருக்கற நிபந்தனைய ஒண்ணொண்ணா சரிபாக்கற வேலை. பெரியப்பா பாட்டிலோட வந்து போன எட்டாவது மாசம், நம்ம மாவட்டம் கிடையாது, வேற எங்கயோ ஒரு கம்பெனியில ஹெல்மெட் மாட்டிகிட்டு, கையில பேடு வெச்சு டிக் அடிச்சுட்டு இருந்தேன். நிபந்தனை பதினாலுன்னு நெனைக்கறேன். 'வளாகத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீரை அவ்வப்போது பரிசோதித்து அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.' எங்க அறிக்கைன்னு கேட்டேன். அந்தப் பையன், என்னவிட சின்னப் பையன், மூணாவது அலமாரியில இருந்து ஒரு ஃபைல உருவிக் குடுத்தான். வரிசையா நாலு வருஷக் கணக்கு, தேதி போட்டு, லேப் முத்திரையோட, உப்பு எவ்ளோ, குரோமியம் எவ்ளோன்னு. கம்பெனியே எடுத்து, கம்பெனியே காசு குடுத்து, கம்பெனியே கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கற கணக்கு. நாலாவது வருஷத்துல உப்பு ஏறியிருந்துச்சு.

நான் அந்தப் பக்கத்தப் பாத்துட்டு நின்ன நேரம் ஒரு நிமிஷம் இருக்குமா? ஏ.சி. ரூம், டீ வெச்சுட்டுப் போனாங்க, ஆடை கட்டிப் போச்சு. பெரியப்பா மடியில வெச்சுகினு வந்த மாதிரித் தண்ணியோட கணக்கு, சீல் வெச்சு, எதிராளி கையெழுத்தோட, அவன் அலமாரியிலயே இருக்கு. நம்ம பாட்டில் சாட்சி இல்லன்னு சொன்ன எனக்கு, அவன் பாட்டில் எங்க இருக்குன்னு கேக்கணும்னு அப்போ தோணவே இல்ல. அஞ்சு வருஷம் சட்டம் படிச்சு, ரெண்டு வருஷம் ஜூனியரா ஓடி, இத ஒரு டிக் மார்க்ல கத்துக்கிட்டேன்.

பத்து ரூபா ஸ்டாம்ப்

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். பெரியப்பா திண்ணையில உக்காந்து எலுமிச்சம்பழம் தரம் பிரிச்சுட்டு இருந்தாரு, தென்னை போனதுக்கு அப்புறம் அதுதான். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கேட்டது மூணே விஷயம்: அவர் நிலத்துக்குப் பக்கத்து யூனிட்டோட நடப்பு இசைவாணை நகல், கடைசியாப் புதுப்பிச்ச தேதி, கண்காணிப்புக் கிணத்து அறிக்கைங்க. 'பதினஞ்சு வருஷமா அநியாயம் நடக்குது'ன்னு ஒரு வரி சேக்கச் சொன்னாரு. வேணாம் பெரியப்பான்னேன். "அது கூட எழுதக் கூடாதா?"ன்னு கேட்டுட்டு மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டு மனுவ மறுபடி படிச்சாரு, கோவமில்ல, புரியல.

பேப்பர் வந்துச்சு. இசைவாணை ரெண்டு மாசம் முன்னாடிதான் புதுப்பிச்சிருக்கு. எனக்கு வேண்டிய தேதி அது, பதினஞ்சு வருஷம் போய் ரெண்டு மாசம் ஆச்சு. கழிவுநீர் பூரா குழாய் வழியா பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகணும்னு ஒரு நிபந்தனை. கிணத்து அறிக்கை ரெண்டு வருஷத்துக்கு இருந்துச்சு, மூணாவது வருஷத்துக்குக் காணோம். கோர்ட்ல காணாமப் போன பேப்பர் சில நேரம் இருக்கற பேப்பரவிட நல்லாப் பேசும். கம்பெனி வேலைய விட்டுட்டு (வீட்ல பெரிய சண்டை, அத இங்க எழுதல) கலச மகால்ல மனு போட்டேன். வாசம், தென்னை, மாடு எல்லாத்தையும் ஒரே பத்தியில அடக்கிட்டு, மிச்சம் பூரா நிபந்தனை நம்பரும் தேதியும்தான். கூட்டுக் கமிட்டி போய்ப் பாத்து ரிப்போர்ட் தரச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

கமிட்டி வந்த அன்னிக்கு ஊரே கெணத்து மேட்டுல நின்னுச்சு. ஜீப்ல இருந்து ஒரு இளம் இன்ஜினியர் அம்மா இறங்கி, ஐஸ் பெட்டியத் தொறந்து, பாட்டில கெணத்துத் தண்ணியாலயே அலசி ஊத்திட்டு, அப்புறம் நெரப்பி, ஸ்டிக்கர்ல நேரம், எடம், ஆழம் எழுதினாங்க. பெரியப்பா அவங்க கையவே பாத்துட்டு நின்னாரு, பொண்ணுக்கு நகை எடை போடும்போது தராசப் பாப்பாரே அது மாதிரி. யூனிட்டுக்குள்ளயும் போனாங்க. பின்பக்கச் சுவரோரம், மழைநீர்க் கால்வாய்ல சேர்ற மாதிரி மண்ணு மூடின ஒரு குழாய். எதுக்குன்னு கேட்டதுக்கு பழைய மழைத்தண்ணிக் குழாய்னாங்க. வெயில் காலத்துல அதோட வாய் ஈரமா இருந்துச்சு.

ரிப்போர்ட்ல உப்பு லிட்டருக்கு எவ்ளோன்னு பாத்தேன். குடிதண்ணிக்கு 500 மில்லிகிராம்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு தரம். இது ரெண்டையும் தாண்டி எங்கயோ இருந்துச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ரொம்ப அமைதியா ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, இந்த உப்பு என் கட்சிக்காரரோடதுன்னு யார் சொன்னா, அந்தப் பகுதியில அறுபது வருஷமா எத்தனையோ யூனிட்டு இருந்திருக்கு, நிலத்தடித் தண்ணிக்குப் பேரு எழுதியா இருக்குன்னு. அவர் சொன்னதுல நியாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியல. பாலாத்து மண்ணு பூரா ஒரே கெணறு மாதிரி. குழாய அடைக்கச் சொல்லி உத்தரவாச்சு, நிபந்தனை மீறினதுக்கு இழப்பீடு கட்டச் சொன்னாங்க, கிணத்து அறிக்கைய தவறாம குடுக்கணும்னாங்க. பெரியப்பா நிலத்துக்குன்னு தனியா நஷ்டஈடு, அது இன்னும் நடக்குது, வாய்தா மேல வாய்தா.

"கேஸு ஜெயிச்சுதா பாப்பா?"ன்னு ஃபோன்ல கேட்டாரு. பாதி பெரியப்பான்னேன். "அப்போ தண்ணி பாதி நல்லாவுமா?"ன்னாரு. குழாய அடைச்சு ரெண்டு வருஷமாச்சு, தண்ணி அதே தண்ணிதான், ஒருவேள இன்னும் கெடாம நிக்குதோ என்னவோ. 2021-ல பாலாத்துல அதிசயமா வெள்ளம் வந்தப்போ கொஞ்ச நாள் தெளிஞ்சிருந்துச்சுன்னு சொல்வாரு, கோர்ட்டவிட வருணபகவான் ஃபாஸ்ட்டுன்னு கிண்டலும் பண்ணுவாரு.

போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில இருந்து எழுந்து கை கழுவிட்டு வரும்போது பெரியப்பா தோளத் தட்டி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. பூஜை ரூம் ஜன்னல் கட்டையில பாட்டில். ரெண்டு. ரெண்டுலயும் நோட்டுப் பேப்பர் கிழிச்சு ஒட்டி, பால்பாயிண்ட்ல தேதி, காலையில எத்தன மணி, சர்வே நம்பர், எத்தன அடி ஆழம். கீழ அவர் கையெழுத்து, பக்கத்து நிலத்துக்காரர் ரெண்டு பேரு கையெழுத்து. மூடி மேல மெழுகு உருக்கி ஊத்தி, அதுல எட்டணா காச அழுத்தி சீல் வெச்சிருந்தாரு. எதுக்குப் பெரியப்பா ரெண்டுன்னு கேட்டேன்.

"ஒண்ணு நமக்கு. ஒண்ணு அவங்க கேட்டா குடுக்க."